கை போகும் இடத்தில் பொத்தான்

வணக்கம், நேயர்களே.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ படம் போடுற வேலை" என்பார்கள். படம் போடுவது என் வேலையில் கொஞ்சம்தான். ஒருவர் கைப்பேசியிலோ வங்கி இயந்திரத்திலோ ஒரு காரியத்தைச் செய்யும்போது விரல் எங்கே தயங்குகிறது, எந்தக் கட்டத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறார் என்று பார்ப்பதுதான் பெரும்பகுதி. பார்த்ததை வைத்துத் திரையை மாற்றுவது மிச்சம். பயனர் அனுபவ வடிவமைப்பு என்று எழுதுவோம், பேச்சில் யூ.எக்ஸ். என்போம். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டான் நார்மன் தன் பதவிப் பெயரிலேயே இதைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் பெயர் பரவியது.

வேலை அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 ரக அமெரிக்க விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, சில நேரம் விமானிகள் சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார்கள். விமானம் வயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிடும். விமானியின் கவனக்குறைவு என்றே எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும், இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் மடிப்புக்கான விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சின்னச் சக்கரத்தையும் இன்னொன்றில் ஆப்பு மாதிரி ஒரு துண்டையும் பொருத்தினால் போதும், இருட்டிலும் கை கண்டுபிடித்துவிடும் என்றார். இன்றைக்கும் விமானங்களில் அந்தப் பிடிகள் அப்படித்தான் இருக்கின்றன.

இதை நான் அடிக்கடி சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மவர்கள் ஒரு திரை முன்னால் தடுமாறியதும் முதலில் சொல்வது, "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா." ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாக்கள் ஓர் இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்பார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வரும். தெரியாதது அவர்களுக்கு இல்லை, அந்தத் திரையைச் செய்தவருக்கு.

நம் அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆனாலும் எத்தனையோ படிவங்கள் எண்ணைக் கேட்டுவிட்டு, அடுத்த வரியில் பிறந்த தேதி, அதற்கடுத்து ஆணா பெண்ணா என்று கேட்கும். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நம் பெயரின் நடுவில், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று காட்ட இருக்கும் ஏ/எல், ஏ/பி? அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் காட்டும் படிவங்கள் இன்னும் இருக்கின்றன. அரசாங்கம் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்த பெயர்! குடும்பப் பெயர் கட்டாயம் என்று விமானச் சீட்டு கேட்கும்போது அப்பா பெயரைப் போடுகிறோம். அப்புறம் விமான நிலையத்தில் என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். அவர் இதுவரை விமானமே ஏறியதில்லை.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் இங்கே பட்டணத்தில் ஓர் அச்சகத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா பதாகை. பத்திரிகையைக் கையில் வாங்குகிறவர்கள் தேதியையும் மண்டபத்தையும் தேடுவார்கள். அச்சடிக்கக் கொடுப்பவர்களோ பெரியப்பா பெயர் பெரிதாக வரவேண்டும் என்பார்கள். இந்த இழுபறிதான் பிறகு கோலாலம்பூரில் ஒவ்வொரு கூட்டத்திலும் நடந்தது. பெரியப்பா இடத்தில் நிர்வாக இயக்குநர், அவ்வளவுதான்.

மனசுக்குப் பிடித்த வேலை என்றால் செம்பனைத் தோட்டத்தில் செய்ததுதான். வெட்டிய குலைகளைப் பாதையோரம் அடுக்கி, காம்பு முனையில் வெட்டியவரின் எண்ணை எழுதி வைப்பார்கள். அதை எண்ணிப் பதிவதற்கு ஒரு செயலி ஏற்கெனவே இருந்தது, யாரும் தொடுவதில்லை. பழைய ஆட்கள் மாற மாட்டார்கள் என்றது நிர்வாகம். நான் குலைகளை எண்ணுகிற மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், பின்னாலேயே நடந்தேன். கையில் தடித்த உறை. தொடுதிரைக்கு அது விரலே இல்லை. மர நிழலில் சிக்னல் கிடையாது. வெட்டவெளிக்கு வந்தால் வெயிலில் திரை கறுப்பாகத் தெரிகிறது. குலை பழுத்ததா, காயா, காம்பு நீளமா என்று அவர் கண் குலையை விட்டு நகர்வதே இல்லை. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், நின்று திரையைத் துடைக்க யாருக்கு நேரம்?

கைப்பேசியின் பக்கவாட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தான் இருக்கிறதல்லவா? அதை அழுத்தினால் ஒரு குலை, கைப்பேசி ஒருமுறை அதிரும். நீண்ட நேரம் அழுத்தினால் காய்க்குலை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் கணக்கு தானாகப் போய்ச் சேரும். இவ்வளவுதான் நாங்கள் செய்தது. மண்டோர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல தப்பா அழுத்திட்டா எப்படிக் கழிக்கிறது?" என்றார். நல்ல கேள்வி. ஒலியைக் குறைக்கும் பொத்தானை அதற்குக் கொடுத்தோம்.

இதையெல்லாம் இணையத்தில் தமிழிலேயே எழுதி வருகிறேன். நம் நாட்டு முத்து நெடுமாறன், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு மென்பொருளை எழுதத் தொடங்கியது 1985இல். எனக்குத் தட்டச்சு ஒரு பாரமாக இருந்ததில்லை. படிப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பாதி, எழுத்து வெட்டுப்பட்ட திரைகள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி உயரத்தில் தமிழை வைத்தால் 'கி'யின் தலையில் வளையும் மேல்விலங்கு போய்விடும், 'கூ'வின் வால் அறுந்துவிடும். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும் காரியம் இது.

இந்த வேலைக்கு வர என்ன படிக்கணும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓவியம் வராவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து பேரைப் பயன்படுத்த வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று 2000இல் இந்தத் துறை வல்லுநர் யாக்கோப் நீல்சன் எழுதினார். வீட்டிலேயே தொடங்கலாம். பாட்டியிடம் ஒரு செயலியைக் கொடுத்து, மின்சாரக் கட்டணம் கட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் சொல்லிக் கொடுக்கக் கூடாது, கையைப் பிடித்து அழுத்தவும் கூடாது. அதுதான் கஷ்டம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.