விஎம்ல நெட் வரலையா? லேப்டாப்போட வைஃபை டிரைவரைத் தொடாதீங்க!

வணக்கம் மக்களே! வெளிய நல்ல மழை, ஓட்டுல விழுற சத்தம் மைக்ல கேக்கும், பொறுத்துக்கிடுங்க. கட்டன்சாயா வழக்கம்போல பக்கத்துல இருக்கு.

போன விர்ச்சுவல்பாக்ஸ் (லேப்டாப்புக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விஎம்மை, ஓட்டுத சாஃப்ட்வேர்) வீடியோவுக்கு அப்புறம் ஒரே கேள்விதான். "விண்டோஸ் ஏறிட்டு, ஆனா உள்ள நெட் இல்ல, வைஃபை குறியே காணல." இதுவரைக்கும் சரி. அடுத்துச் செய்யுததுதான் எரிச்சல். லேப்டாப் கம்பெனி சைட்டுக்குப் போய் வைஃபை டிரைவரை (கார்டை விண்டோஸுக்குப் புரிய வைக்குத சாஃப்ட்வேர்) இறக்கி, அதை விஎம்முக்குள்ள கொண்டு போடுதாங்க! ஒருத்தர்கிட்ட கடையில வைஃபை கார்டையே மாத்தணும், 1,800 ரூபா ஆகும்னு சொல்லியிருக்கு. ஆயிரத்து எண்ணூறு! வெளிய அதே லேப்டாப்புல என் வீடியோ ஓடுது, கார்டு கெட்டிருந்தா எப்படி ஓடும்? அந்தக் காசுக்கு ஒரு குலை மட்டிப்பழம் வாங்கி வீட்டுல தொங்கவிட்டாலும் பிள்ளைகளாவது தின்னும்.

விஷயம் இதுதான். விஎம்முக்கு உங்க வைஃபை கார்டு கண்ணுலயே படாது. விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு பொய் லேன் கார்டைக் காட்டும், உள்ள இருக்க விண்டோஸ் அதை மட்டும்தான் பாக்கும். அதனால நீங்க வைஃபைல இருந்தாலும் உள்ள கம்ப்யூட்டர் படம்தான் தெரியும், விசிறிக் கோடு வராது. அது கோளாறு இல்ல.

இப்ப விஎம்முக்குள்ள டிவைஸ் மேனேஜரைப் பாருங்க. "ஈதர்நெட் கன்ட்ரோலர்", பக்கத்துல மஞ்சள் ஆச்சரியக்குறி. பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி. அங்க வென்டர் (தயாரிப்பாளர் எண்) 1ஏஎஃப்4னு இருந்தா அது விர்ட்ஐஓ, விஎம்முக்குன்னே உருவாக்கின பொய்க் கார்டு. விண்டோஸ்கிட்ட இதுக்கு டிரைவர் கிடையாது. 8086னு இருந்தா இன்டெல். விண்டோஸ் 10, 11 ரெண்டும் இன்டெல் ப்ரோ 1000 எம்டி டெஸ்க்டாப்பைத் தானாவே அடையாளம் கண்டுக்கிடும்.

அப்ப சுலப வழி என்ன? விர்ச்சுவல்பாக்ஸ்ல விஎம்மோட செட்டிங்ஸ், நெட்வொர்க், அடாப்டர் 1க்குப் போய் அடாப்டர் டைப்பை அந்த இன்டெலுக்கு மாத்துங்க. முடிஞ்சு. விர்ட்ஐஓ வேகம் கூடுதல்தான், ஆனா டேலி ஓட்டுதவங்களுக்கு அந்த வேகம் எதுக்கு?

ஆ, ஒண்ணு விட்டுட்டேன். விஎம்மை முழுசா ஷட்டவுன் பண்ணிட்டுதான் இதை மாத்த முடியும். "சேவ் ஸ்டேட்" போட்டு மூடியிருந்தா அந்த இடம் மங்கலா கெடக்கும், அமுக்கினா அசையாது.

இல்ல, எனக்கு விர்ட்ஐஓதான் வேணும்னா ஃபெடோரா (லினக்ஸ் குழு) சைட்டுல இருந்து விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை (சிடியோட நகல் ஃபைல்) வெளிய, லேப்டாப்புலயே இறக்குங்க. அரை ஜிபிக்கு மேல இருக்கும், மொபைல் டேட்டால இறக்குதவங்க பாத்துக்கிடுங்க. விஎம் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ்ல போய் விஎம்மோட சிடி டிரைவ்ல அதை மாட்டுங்க. உள்ள நெட் இல்லாட்டியும் சிடி தெரியும்லா, அதான் சூட்சுமம். மஞ்சள் குறியில ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ். நெட்கேவிஎம் ஃபோல்டர், அதுக்குள்ள டபிள்யூ10 இல்ல டபிள்யூ11, அதுக்குள்ள ஏஎம்டி64.

இங்கதான் பாதிப் பேர் நிக்குதாங்க. "அண்ணா, என்னுது இன்டெல் பிராசசர், ஏஎம்டி ஃபோல்டரை எப்படிப் போடுதது?" மக்களே, ஏஎம்டி64ன்னா 64 பிட்டுன்னு அர்த்தம், அவ்வளவுதான். 64 பிட் எக்ஸ்86 வழியை முதல்ல கொண்டு வந்தது ஏஎம்டி, அதனால பேரு ஒட்டிக்கிட்டு. ஐ5க்கும் இதேதான், ஐ7க்கும் இதேதான். பயந்து எக்ஸ்86 ஃபோல்டரைப் போட்டியன்னா அது 32 பிட், 64 பிட் விண்டோஸ்ல ஏறாது. ஃபோல்டருக்கு எவன் இப்படிப் பேரு வச்சானோ, அவனை ஒரு நாள் நம்ம வடசேரி பஸ் ஸ்டாண்டுல நிக்க வைக்கணும், பதில் சொல்லட்டும்.

டிரைவர் ஏறினதும் விஎம்முக்குள்ள கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிங்க, நெட்வொர்க் முகவரி காட்டும். நாட் மோடுல (லேப்டாப்போட நெட்டையே விஎம்மும் பகிர்ந்துக்கிடுத வழி) 10.0.2.15 வந்தா ஜெயிச்சாச்சு. 169.254ன்னு தொடங்கினா டிரைவர் சரி, முகவரிதான் கிடைக்கல. விஎம்மோட நெட்வொர்க் செட்டிங்ஸ்ல "கேபிள் கனெக்டட்" டிக் இருக்கான்னு பாருங்க, அட்டாச்டு டு நாட்ல இருக்கான்னு பாருங்க.

கடைசியா பிரிட்ஜ்டு, அதாவது விஎம் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி நேரா ரவுட்டர்ல சேருத வழி. வைஃபைல இதைப் போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க. ரவுட்டர் உங்க லேப்டாப் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) மட்டும்தான் உள்ள விட்டிருக்கு. விஎம்முக்கு வேற மேக். ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர் பஸ் ஏறுத கதை. விர்ச்சுவல்பாக்ஸ் வெளிய போற பாக்கெட்ல மேக்கை மாத்திச் சமாளிக்கப் பாக்கும், சில இடத்துல நடக்கும், சில இடத்துல நடக்காது. லேன் வயர் இருந்தா பிரிட்ஜ்டு, வைஃபைன்னா நாட்.

பிரிட்ஜ்டுல கார்டு பேரே காட்டலன்னா கோளாறு விஎம்ல இல்ல, வெளிய. லேப்டாப்புல என்சிபிஏ டாட் சிபிஎல் (நெட்வொர்க் கார்டுகளோட பட்டியல்) திறந்து, உங்க கார்டோட பிராப்பர்ட்டீஸ்ல "விர்ச்சுவல்பாக்ஸ் என்டிஐஎஸ்6 பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் டிரைவர்" இருக்கான்னு பாருங்க. டிக் இல்லன்னா போடுங்க. பேரே இல்லன்னா இன்ஸ்டால், சர்வீஸ், ஆட், ஹேவ் டிஸ்க் கொடுத்து, விர்ச்சுவல்பாக்ஸ் ஃபோல்டர்ல டிரைவர்ஸ், நெட்வொர்க், நெட்எல்டபிள்யூஎஃப்ல இருக்க ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டுங்க. அந்த நேரம் லேப்டாப்புல நெட் ஒரு தடவை அறுந்து வரும், டவுன்லோடு எதுவும் ஓடவிட்டுட்டுச் செய்யாதீங்க.