மேசைக்கு முதலில் வாருங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

"கொள்கையில் வேறுபடும் கிறிஸ்தவ சபைகள் ஒன்றுபட முடியுமா?" என்பது தலைப்பு. முடியாது என்ற அணியின் தலைவர் இப்போதுதான் பேசி அமர்ந்தார். அவர் எடுத்து வைத்த பெரிய ஆதாரம் மார்பர்க். 1529இல் ஜெர்மனியின் அந்த ஊரில், திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியும் ஒன்றுபட முடியவில்லை, அவர்களாலேயே முடியாதது நம்மால் முடியுமா என்று கேட்டார்.

ஐயா, அந்தக் கதையை முழுசாகச் சொல்லியிருக்கலாம். 15 பிரிவுகள் எழுதினார்கள். 14இல் இருவரும் ஒத்துப்போனார்கள். திருவிருந்தைப் பற்றிய 15ஆவது பிரிவிலும் பெரும்பகுதி ஒத்துப்போனது. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் எப்படி இருக்கின்றன என்ற ஒரே இடத்தில் முறிந்தது. லூத்தர் "இது என் சரீரம்" என்ற வசனத்தை லத்தீனில் சுண்ணக்கட்டியால் மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டு அசையவே இல்லை. பிரிந்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1973இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் பக்கத்தில் லோயன்பெர்க் என்ற இடத்தில், ஐரோப்பாவின் லூத்தரன் சபைகளும் ஸ்விங்லி வழியில் வந்த சீர்திருத்த சபைகளும் ஒருவர் திருவிருந்தில் மற்றவர் பங்குபெறலாம் என்ற ஒப்பந்தத்துக்கு வந்தன. 444 ஆண்டு! எத்தனை தலைமுறை ஒரே ஊரில் பிறந்து, ஒரே இயேசுவைக் கும்பிட்டு, ஒரே மேசைக்கு வராமலே மண்ணுக்குள் போயிருக்கும்? மார்பர்க் எங்கள் கட்சிக்குச் சாட்சி, நடுவர் அவர்களே. ஒன்றுபட முடியும் என்பது முடிவில் நிரூபணமானது. அதற்கு அவ்வளவு காலம் ஆனதுதான் துக்கம்.

அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் நம் மண்ணில் இருந்தார்கள்.

1919 மே மாதம், தரங்கம்பாடி. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்கிய அதே கடற்கரை ஊர். பல சபைகளைச் சேர்ந்த ஊழியர்கள் சுமார் 33 பேர் அங்கே கூடினார்கள்; பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் திருச்சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபின், முதல் இந்திய பிஷப். அந்தக் கூட்டம் வெளியிட்ட அறிக்கையின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் வந்து விழுந்தவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் வந்த சண்டையின் மிச்சத்தை இட்டமொழியிலும் ஏரலிலும் ஏன் சுமக்க வேண்டும்? எனக்கு அந்தக் கேள்வி இன்றைக்கும் சுடுகிறது.

சபைகளை ஒன்றாக்க 28 ஆண்டு பேசினார்கள். பெரிய முட்டுக்கட்டை பிஷப். அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைவைத்து வரும் வரிசையில் பிஷப் இருந்தால்தான் குருப்பட்டம் செல்லும் என்பது ஆங்கிலிக்கன் கட்சி. பிஷப்பே வேண்டாம் என்று பிறந்ததே காங்கிரிகேஷனல் சபை. பிரஸ்பிட்டேரியன்கள், மெத்தடிஸ்டுகள் ஆளுக்கொரு பக்கம். லண்டனில் கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு வெளியீடே எழுதினார். அவ்வளவு தூரம் எதிர்ப்பு இருந்தது.

எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? தீர்க்கவே இல்லை. இதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது. தயவுசெய்து எதிரணி குறித்துக்கொள்ளட்டும். பிஷப் இருப்பார் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிஷப் பதவியைப் பற்றி இன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்த குருமார்கள் எல்லோரும் மறுபடி பட்டம் வாங்காமலே ஊழியத்தைத் தொடர்ந்தார்கள். இனிமேல் வருபவர்களுக்கு பிஷப் கைவைப்பார். பிஷப் கைவைக்காமல் பட்டம் பெற்றவர்களை ஏற்கும் விதிவிலக்கு தொடர வேண்டுமா என்பதை 30 ஆண்டு கழித்துச் சபையே முடிவு செய்யட்டும் என்று எழுதினார்கள். தகராறு முடிந்தபிறகு ஒரே வீட்டுக்குள் வரவில்லை. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, தகராறுக்கு நேரம் கொடுத்தார்கள்.

சுதந்திரம் வந்து 43ஆம் நாள், 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பிஷப்பே இல்லாத ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபை மிஷனரியான லெஸ்லி நியூபிகின் மதுரை–இராமநாதபுரத்தின் பிஷப் ஆனார்! அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்றே கண்மூடிவிட்டார்.

1950இல் அந்தப் புதுச்சபை எழுதிய ஆராதனை முறையில் ஒரு சிறு சடங்கு உண்டு. திருவிருந்துக்கு முன்னால் ஐயர், அதாவது சபைக் குரு, எதிரே நிற்பவருடைய கைகளைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பிடிப்பார். வாங்கியவர் அதைப் பக்கத்தில் உள்ளவருக்குக் கொடுப்பார். அப்படியே வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரைக்கும் சமாதானம் கைமாறிப் போகும். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து வந்த வழக்கம் அது. ஆங்கிலேயன் கொடுத்த சண்டைக்கு நம் பக்கத்து மலையாளத்தான் கொடுத்த மருந்து என்று நான் நினைப்பேன்.

எதிரணி கேட்கும்: எல்லோரும் சேர்ந்தார்களா? இல்லை. தமிழ் லூத்தரன் சபை சேரவில்லை. ஆந்திராவின் நந்தியாலில் ஆங்கிலிக்கன் மக்கள் பலர் ஆரம்பத்தில் வெளியே நின்றார்கள். மறைக்க என்ன இருக்கிறது? அடுத்து, அந்தத் திருச்சபையே இப்போது கோர்ட்டு கோர்ட்டாக அலைகிறதே என்பார்கள். உண்மை, எனக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வழக்குகள் திருவிருந்தைப் பற்றியா? ஞானஸ்நானத்தைப் பற்றியா? தேர்தல், சொத்து, பதவி. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலை நினைத்துப் பாருங்கள். ஒரே போப், ஒரே பூசை, ஒரே பீடம். கொள்கையில் நூலிழை வேறுபாடு கிடையாது. ஆனாலும் சாதிக்கு ஒரு பக்கமாக ஜனங்களைப் பிரித்து நடுவில் சுவர் நின்றது, 1910இல்தான் இடித்தார்கள். கொள்கை ஒன்றானால் ஒற்றுமை தானாக வரும் என்று சொல்கிறவர்கள் அந்தச் சுவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக் கதை ஒன்று. என் அத்தை நாற்பது வயதில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார், கம்மலைக் கழற்றினார். அப்பாவுக்குக் கம்மல் பெரிதில்லை. "அப்போ நம்ம ஐயர் சின்னப்பிள்ளையில உனக்குக் கொடுத்தது ஞானஸ்நானம் இல்லையா?" என்று ஒரே கேள்விதான். பதினோரு வருஷம் பேச்சில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தார். கதவண்டை நின்றார். அப்பா, "வா, உட்காரு" என்றார். மறுநாளும் வந்தார். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் அத்தை காத்திருந்து அடுத்த அடியை எடுத்தார். முழுக்கா தெளிப்பா என்பதில் அப்பா கடைசிவரை மாறவில்லை. அத்தை இன்றுவரை மாறவில்லை.

நடுவர் அவர்களே, சத்தியத்தைப் பலிகொடுத்துத்தான் ஒற்றுமை வாங்க முடியும் என்பது எதிரணியின் வாதம். அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1947இல் பழைய காங்கிரிகேஷனல் ஐயர் ஒருவர், மறுபட்டம் வாங்காமலே, ஆங்கிலிக்கன் வீட்டுப் பிள்ளை நீட்டிய கையில் அப்பத்தை வைத்தாரே, அந்த இடத்தில் தொலைந்துபோன சத்தியம் எது? அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காரட்டும்.