டிலே முன்னாலா, ரிவெர்ப் முன்னாலா?

நேயர்களுக்கு வணக்கம். கிட்டார் ஒலிக்கு விளைவுகள் சேர்க்கும் பெட்டியான டிஜிட்டல் கிட்டார் ப்ராசஸர் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதிரொலி தரும் டிலேயை முன்னால் வைக்க வேண்டுமா, அரங்க முழக்கம் தரும் ரிவெர்ப்பை முன்னால் வைக்க வேண்டுமா? பெரும்பாலும் சட்டென்று பதில் வரும். டிலே முன்னால், ரிவெர்ப் பின்னால். மாற்றி வைத்தால் ஒலி சேறாகிவிடும் என்பார்கள். இந்தப் பழக்கத்துக்கு நல்ல காரணங்கள் உண்டு, அவற்றுக்கு வருகிறேன். ஆனால் இந்த வரிசையைப் பற்றி இத்தனை பேசும் நாம், ஒலியை இதைவிடப் பல மடங்கு மாற்றும் இன்னொரு முடிவை யோசிக்காமலே கடந்துவிடுகிறோம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதா, பக்கத்தில் பக்கத்தில் இணைப்பதா என்பதுதான் அது. பள்ளியில் மின்தடைகளுக்குப் படித்த அதே தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்தான்.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ப்ராசஸர் உங்கள் கிட்டார் ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது என்று வையுங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. ஒரு தட்டு 500 மில்லிநொடி. அதில் முக்கால் தட்டு டிலே வேண்டுமென்றால் 375 மில்லிநொடி. அதாவது 18,000 எண்களை நினைவகத்தில் வைத்திருந்து, 18,000 எண்களுக்கு முன் வந்ததை இப்போது வெளியே விட வேண்டும். டிலே என்பது அவ்வளவுதான். வெளியே வந்ததில் பாதியை மறுபடி உள்ளே அனுப்பினால் அது ஃபீட்பேக். பாதி என்றால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட 6 டெசிபல் குறையும். பத்து முறை திரும்பி வருவதற்குள் 60 டெசிபல் இறங்கி, காதுக்கு எட்டாமல் போய்விடும்.

ரிவெர்ப்பும் இதே குடும்பம்தான். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர், மிகக் குறுகிய டிலேக்கள் சிலவற்றை ஒன்றோடொன்று கோத்தாலே ஓர் அரங்கத்தின் முழக்கத்தைக் கணக்கால் உண்டாக்க முடியும் என்று காட்டினார். இன்று உங்கள் காலடியில் கிடக்கும் பெடலில் இருக்கும் ரிவெர்ப் பலவும் அந்த யோசனையின் வாரிசுதான். எதிரொலிகள் தனித்தனியாக எண்ண முடியாத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன, அதனால் நமக்கு ஓர் அறை கேட்கிறது.

சரி, இப்போது வரிசைக்கு வருவோம். ஒரே ஒரு நோட்டை மீட்டுகிறீர்கள். டிலேயில் ஒரே ஓர் எதிரொலி மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

டிலே முன்னால், ரிவெர்ப் பின்னால் இருக்கிறது. டிலேயிலிருந்து இரண்டு வெளியே வருகின்றன: நோட், அதன் எதிரொலி. இரண்டும் ரிவெர்ப்புக்குள் போகின்றன. முடிவில் நான்கு கிடைக்கின்றன: நோட், எதிரொலி, நோட்டின் முழக்கம், எதிரொலியின் முழக்கம்.

மாற்றிப் போடுவோம். ரிவெர்ப்பிலிருந்து நோட்டும் அதன் முழக்கமும் வருகின்றன. டிலே இரண்டையும் 375 மில்லிநொடி கழித்துத் திருப்பிச் சொல்கிறது. முடிவில் நோட், நோட்டின் முழக்கம், நோட்டின் எதிரொலி, முழக்கத்தின் எதிரொலி.

எதிரொலியின் முழக்கமும் முழக்கத்தின் எதிரொலியும் வேறு வேறு இல்லை. 375 மில்லிநொடி தள்ளித் தொடங்கும் அதே முழக்கம்தான் இரண்டும். ஆக, நான்கும் அப்படியே பொருந்துகின்றன. கணக்கில் இரண்டு எண்களை எப்படிப் பெருக்கினாலும் விடை மாறாதது போல, இரண்டுமே நேரியல் விளைவுகளாக (உள்ளே வருவது இரு மடங்கானால் வெளியே வருவதும் இரு மடங்காகும் வகையாக), நேரத்தோடு மாறாதவையாக இருக்கும் வரை எதை முன்னால் வைத்தாலும் ஒலி ஒன்றேதான். இதைச் சொன்னால் பல கிட்டார் கலைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், சுருதியை அசைக்கும் மாடுலேஷனை முழுக்க அணைத்துவிட்டு, சுத்தமான டிஜிட்டல் டிலேயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் சேறு எங்கிருந்து வருகிறது? அந்த நிபந்தனைகள் உடையும் இடங்களிலிருந்து வருகிறது. ஒலிநாடாவில் பதிந்து எதிரொலி தந்த பழைய டேப் எக்கோவைப் பின்பற்றும் டிலே ஒவ்வொரு சுற்றிலும் ஒலியைக் கொஞ்சம் சிதைக்கிறது. அதற்குள் முழக்கத்தை அனுப்பினால் முழக்கமும் சிதையும். மாடுலேஷன் உள்ள டிலே சுருதியை லேசாக அசைக்கும். நீங்கள் வாசிக்கும்போது தணிந்து, நிறுத்தும்போது எழும் வகை டிலே, தனக்குள் வரும் ஒலியின் அளவைப் பார்த்து நடந்துகொள்வது; ரிவெர்ப்பின் வால், அதாவது தேய்ந்து மறையும் முழக்கம், உள்ளே வந்தால் நீங்கள் இன்னும் வாசிப்பதாக அது எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்டீரியோ, அதாவது இடம், வலம் என இரு தடங்களில் வரும் ஒலி. அகலமான ரிவெர்ப்புக்குப் பின்னால் மோனோ டிலே ஒன்றை வைத்தால் அந்த அகலம் அங்கேயே செத்துப்போகிறது. நானும் ரிவெர்ப்பைக் கடைசியில்தான் வைக்கிறேன். அதற்கு ஸ்டீரியோ ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் மட்டும் தனிக் கதை. அது நேரியல் இல்லாதது, எனவே அதன் இடம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். உரத்ததை நசுக்கி, மெல்லியதைத் தூக்கிவிடுவது அதன் இயல்பு. டிலே அதற்கு முன்னால் இருந்தால், தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலிகள் தேயாமல் நிற்கும். புது நோட்டும் பழைய எதிரொலியும் ஒன்றாக நசுங்கி, இரண்டிலும் இல்லாத அதிர்வெண்கள் முளைக்கும். அதனால்தான் டிலேயையும் ரிவெர்ப்பையும் ஆம்ப் மாடலுக்கு (ஆம்ப்ளிஃபயரைப் போலச் செய்யும் பகுதிக்கு)ப் பின்னால், அல்லது உண்மையான ஆம்ப்பாக இருந்தால் அதன் எஃபெக்ட்ஸ் லூப்பில் (டிஸ்டார்ஷனுக்குப் பின் வெளிக் கருவிகளை இணைக்கும் வழியில்) வைக்கிறோம். ரிவெர்ப்பை வேண்டுமென்றே டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்துப் பெருஞ்சுவர் போன்ற ஒலியை எழுப்புபவர்களும் உண்டு. அது அழகான ஒலி; தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பக்க இணைப்பு. கிட்டார் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழியில் டிலே, மறுவழியில் ரிவெர்ப், கடைசியில் இரண்டும் சேர்கின்றன. முன்பு சொன்ன நான்கில் இப்போது மூன்றுதான் இருக்கும்: நோட், எதிரொலி, நோட்டின் முழக்கம். எதிரொலியின் முழக்கம் காணாமல் போய்விட்டது. இந்த ஒன்று போவதால் வரும் மாற்றம் மிகப் பெரியது. தொடர் இணைப்பில் எதிரொலிகளும் அறைக்குள்ளேயே நின்று, மெல்லமெல்ல தூரம் போகின்றன. மெதுவான, மிதக்கும் வாசிப்புக்கு அது பொருந்தும். பக்க இணைப்பில் ஒவ்வொரு எதிரொலியும் காய்ந்து, விளிம்பு கூர்மையாக, உங்கள் அருகிலேயே விழுகிறது. முழக்கம் தனியாகப் பின்னால் விரிகிறது. முக்கால் தட்டு டிலேயில் தாளத்தோடு பின்னி வாசிக்கும்போது, நான்கு நொடி நீளும் ரிவெர்ப் இருந்தாலும் ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்கும். பேஸும் டிரம்ஸும் சேர்ந்த கூட்டத்தில் உங்கள் லீட் (முன்னணியில் வாசிக்கும் மெட்டு) மூழ்கிப்போகிறது என்றால், டிலேயின் ஒலியைக் குறைக்கும் முன் இந்த இணைப்பை மாற்றிப் பாருங்கள்.

ஆனால் பக்க இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. ப்ராசஸரில் ஒவ்வொரு விளைவும் ஒரு பிளாக்; நேரடி ஒலியோடு விளைவு எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை அதன் மிக்ஸ் குமிழ் தீர்மானிக்கும். இரண்டு பிளாக்கிலும் மிக்ஸ் குமிழ் பாதியில் நின்றால், இரண்டு வழியிலும் கிட்டாரின் நேரடி ஒலி போகிறது. சேரும் இடத்தில் அது இரட்டிப்பாகும், அதாவது ஒற்றை வழியில் வருவதைவிட 6 டெசிபல் கூடும். டிலே மங்கிவிட்டதே என்று நீங்கள் அதை ஏற்றிக்கொண்டே போவீர்கள். சரியான முறை, எஃபெக்ட் பிளாக்குகளின் மிக்ஸை 100 சதவீதத்தில் வைத்து, நேரடி ஒலிக்குத் தனி வழி விடுவது. உங்கள் ப்ராசஸரில் மொத்தமே இரண்டு வழிதான் என்றால் இப்படிச் செய்யலாம்: ரிவெர்ப் வழியில் மிக்ஸ் 25 அல்லது 30, நேரடி ஒலி அதன் வழியாகவே போகட்டும், டிலேயை மட்டும் 100-இல் வைத்து, அதன் லெவல் குமிழால் அளவைப் பிடியுங்கள்.

ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பே பக்க இணைப்பாக அமைந்திருந்தால் இந்தப் பொறி இன்னும் மோசம். ஆம்ப்புக்குள் ஓடும் நேரடி ஒலி உடனே வருகிறது. ப்ராசஸர் வழியாகப் போன நேரடி ஒலி, எண்ணாக்கித் திரும்ப ஒலியாக்கும் நேரத்தால் சற்றே பிந்துகிறது. 2 மில்லிநொடி பிந்துகிறது என்று கொள்வோம். இரண்டும் சம அளவில் கலந்தால் 250, 750, 1250 ஹெர்ட்ஸ் என்று அடுத்தடுத்துப் பள்ளங்கள் விழும். கிட்டாரின் இரண்டாம் தந்தியை, அந்த பி தந்தியை, விரல் வைக்காமல் மீட்டினால் 247 ஹெர்ட்ஸ். அதன் அடிப்படைச் சுரம் கிட்டத்தட்ட முதல் பள்ளத்திலேயே விழுகிறது. கிட்டாரின் உடம்பு போய், குழாய்க்குள் வாசிப்பது போலக் கேட்கும். கேபிளையும் பிக்கப்பையும் குறை சொல்லும் முன், ப்ராசஸரிலிருந்து நேரடி ஒலி வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவிலும் ஓர் இடம் உண்டு. பக்க இணைப்பில் வைத்துவிட்டு, டிலேயின் வெளியீட்டிலிருந்து ஒரு சிறு பங்கை மட்டும் ரிவெர்ப்புக்கு அனுப்பலாம். சில ப்ராசஸர்களில் இதற்கென்றே சென்ட், ரிட்டர்ன் பிளாக்குகள் இருக்கின்றன. இல்லையென்றால் டிலே இருக்கும் வழியிலேயே அதன் பின்னால் இன்னொரு சிறிய ரிவெர்ப்பைப் போடுங்கள்: வால் ஒரு நொடிக்குள், மிக்ஸ் 15 வாக்கில். எதிரொலிகளின் விளிம்பு மழுங்காது, ஆனால் அவை அறைக்கு வெளியே நிற்பதாகவும் தோன்றாது. லீட் வாசிப்புக்கு எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான்.

அப்புறம், விளைவை அணைக்கும்போது வால் வெட்டுப்படுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிளாக்கில் டிரெயில்ஸ் வசதி (அணைத்த பின்னும் வாலைத் தேய விடுவது) இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டாலும் பக்க இணைப்பில் வழி இருக்கிறது. பிளாக்கை அணைக்க வேண்டாம். அந்த வழியின் தொடக்கத்தில், டிலேக்கு முன்னால் ஒரு வால்யூம் பிளாக்கை வைத்து, கால் ஸ்விட்சை அதற்குக் கொடுங்கள். மிதித்ததும் புது நோட்டுகள் உள்ளே போவது நிற்கும், ஏற்கெனவே உள்ளே போனவை தம் போக்கில் தேய்ந்து முடியும். ஒரு ப்ரீசெட்டிலிருந்து (சேமித்து வைத்த அமைப்பிலிருந்து) இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டும் இது பல ப்ராசஸர்களில் உதவாது. புது ப்ரீசெட்டை ஏற்றும்போது நினைவகத்தில் இருந்த பழைய ஒலி அழிந்துவிடும். எனவே ஒரு பாட்டுக்கு வேண்டிய எல்லா ஒலிகளையும் ஒரே ப்ரீசெட்டுக்குள் அமைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.