வியட்நாமில் அமெரிக்காவைக் கட்டிப்போட்டது கௌரவம்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், மாலை வேலைகளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘வியட்நாமில் அமெரிக்காவை இத்தனை காலம் போரிட வைத்தது கம்யூனிச அச்சமா, வல்லரசு கௌரவமா?’ இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் அச்சம்தான் என்றார். 1954 ஏப்ரலில் அதிபர் ஐசன்ஹோவர் சொன்ன டோமினோ விளக்கத்தை எடுத்து வைத்தார். முதல் கட்டை சாய்ந்தால் வரிசையில் நிற்கிற எல்லாக் கட்டைகளும் சாயும்; வியட்நாம், லாவோஸ், கம்போடியா சேர்ந்த இந்தோசீனா போனால் தாய்லாந்து போகும், மலேயா போகும், இந்தோனேசியா போகும்.

சரி, அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1949-இல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே கொரியப் போர். வாஷிங்டன் நிஜமாகவே பயந்தது. வியட்நாமுக்குள் அமெரிக்கா காலை வைத்ததற்கு அந்தப் பயம் காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, நம் கேள்வி அவர்கள் ஏன் உள்ளே போனார்கள் என்பது அல்ல. ஏன் வெளியே வரவில்லை என்பது.

1964-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தரைப்படை இன்னும் பெரிதாக இறங்காத நேரம். வியட்நாம் கம்யூனிஸ்ட் வடக்கு, அமெரிக்கா தாங்கிப் பிடித்த தெற்கு என்று பிரிந்து கிடந்தது. பக்கத்து நாடான லாவோசும் தென் வியட்நாமும் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தால் மற்ற நாடுகளும் விழுமா என்று அதிபர் ஜான்சன் சிஐஏவிடம் கேட்கிறார். ஜூன் மாதம் பதில் வருகிறது. கம்போடியா ஒன்று வேண்டுமானால் போகலாம், அந்த வட்டாரத்தில் வேறெந்த நாடும் அதனால் சட்டென்று விழுந்துவிடாது என்கிறது உளவுத்துறை. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. தென் வியட்நாம் போனால் ஆசியாவில் அமெரிக்காவின் நிலை மிகவும் பாதிக்கப்படும், ஏனென்றால் அதைக் காப்பாற்றுவோம் என்று நாம் உலகறியத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டோம். கட்டைகள் சாயாது, நம் முகம்தான் போகும் என்று அவர்களுடைய ஆட்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எதிரணி இதை எப்படித் தாண்டப் போகிறது?

அந்த அறிக்கைக்குச் சில நாட்கள் முன்பு, மே 27 அன்று, ஜான்சன் தன் பாதுகாப்பு ஆலோசகர் பண்டியிடம் தொலைபேசியில் பேசியது பதிவாகியிருக்கிறது. இது சண்டை போடத் தகுந்த விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியேறவும் முடியும் என்று தோன்றவில்லை என்கிறார். தகுதியில்லை என்று தெரிந்த சண்டைக்கு அடுத்த ஆண்டு ஊரான் பிள்ளைகளை அனுப்பினார் அந்த மனிதர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

1965 மார்ச் 8-ஆம் தேதி டா நாங் கடற்கரையில் அமெரிக்க மரைன் படை இறங்குகிறது. அதே மாதம் பாதுகாப்புத் துறையின் உதவிச் செயலர் மெக்நாட்டன் நம் நோக்கம் என்ன என்று ஒரு குறிப்பு எழுதுகிறார், சதவீதக் கணக்கோடு. அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70 சதவீதம். சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பது 20 சதவீதம். தென் வியட்நாம் மக்கள் நல்ல வாழ்க்கை, சுதந்திர வாழ்க்கை வாழ்வது 10 சதவீதம். நடுவர் அவர்களே, இன்றைய பட்டிமன்றத்தின் தீர்ப்பை அந்த அதிகாரி 1965-லேயே எழுதிவிட்டார். பயத்துக்கு 20, கௌரவத்துக்கு 70. எந்த மக்களுக்காகப் போர் என்று மேடையில் சொன்னார்களோ, அந்த மக்களுக்கு 10. பாதுகாப்புத் துறை ரகசியமாகத் தொகுத்து வைத்திருந்த போர் வரலாறான ‘பென்டகன் ஆவணங்கள்’ 1971-இல் வெளிவந்த பிறகுதான் இந்தக் கணக்கே ஊருக்குத் தெரிந்தது.

எச்சரித்தவர்களும் இருந்தார்கள். வெளியுறவுத் துறையில் ஜார்ஜ் பால் என்ற துணைச் செயலர் 1965 ஜூலையில் எழுதினார்: பெரிய அளவில் உயிர்ச்சேதம் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் திரும்ப முடியாது, பாதியில் நிறுத்தினால் தேசத்துக்கே அவமானம் என்ற இடத்துக்கு வந்துவிடுவோம் என்று. அப்படியேதான் நடந்தது. நம் ஊரில் வரப்புத் தகராறுக்குக் கோர்ட்டுக்குப் போய், வழக்குச் செலவுக்கு அந்த வயலையே விற்றவர்கள் உண்டு. எதிராளி முன்னால் இறங்கிப் போகக் கூடாது என்பதுதான் அங்கே எல்லாமே.

ஆனால் வயலை விற்றவர் தன் சொத்தை விற்றார். இந்தக் கௌரவத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். கட்டாய ராணுவச் சேவை இருந்தது; கல்லூரியில் படிப்பவனுக்குத் தள்ளிவைப்பும் இருந்தது. ஃபீஸ் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பறையில் இருந்தான், ஏழை வீட்டுப் பிள்ளை வயல்வெளியில் செத்தான். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வாஷிங்டன் நினைவுச் சுவரில் இருக்கின்றன. வியட்நாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி இறந்த பொதுமக்கள் மட்டும் சுமார் 20 லட்சம். வடக்குத் தரப்பில் போரிட்டு இறந்தவர்கள் 11 லட்சம். போர் அறிவிக்கப்படாத லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன் குண்டுகளைக் கொட்டினார்கள். அவற்றில் வெடிக்காமல் புதைந்து கிடந்தவை போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் விவசாயிகளையும் குழந்தைகளையும் கொன்றன. காடுகள் மீது தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நஞ்சின் பாதிப்போடு வாழ்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர்களில் யாருடைய கௌரவம் வாஷிங்டனில் பேசப்பட்டது?

அமெரிக்காவின் உள்ளேயும் நட்டம்தான். வறுமையை ஒழிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்த ஜான்சனின் திட்டங்களுக்குப் போக வேண்டிய பணத்தைப் போர் விழுங்குகிறது என்று 1967 ஏப்ரலில் நியூயார்க் தேவாலயத்தில் நின்று மார்ட்டின் லூதர் கிங் குமுறினார். 1968 பிற்பகுதியில், இந்தப் போருக்குப் போனதே தவறு என்று கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் சொல்லிவிட்டார்கள். தெருவெல்லாம் போராட்டம். சொந்த மக்களே வேண்டாம் என்ற பிறகும் போர் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? ஜான்சனுக்கு அடுத்து அதிபரான நிக்சனே சொல்லட்டும். 1970 ஏப்ரல் 30 அன்று, கம்போடியாவுக்குள் படை அனுப்பியதை அறிவித்த உரையில், 190 ஆண்டு வரலாற்றில் அமெரிக்கா முதல் தோல்வியை ஏற்பதைப் பார்ப்பதைவிட ஒரே முறை அதிபராக இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். நான்கு நாள் கழித்து, அதை எதிர்த்துப் போராட்டம் நடந்த கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. கம்யூனிசப் பயம்தான் காரணம் என்றால், 1972 பிப்ரவரியில் இதே நிக்சன் பெய்ஜிங்குக்குப் போய் மாவோவோடு கை குலுக்கினாரே, மே மாதம் மாஸ்கோவில் சோவியத் தலைவர் பிரெஷ்னெவோடு அணு ஆயுத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாரே, அப்போது அந்தப் பயம் எங்கே போயிருந்தது? இரண்டு பெரிய கம்யூனிச அரசுகளோடும் விருந்துண்ட அதே ஆண்டு டிசம்பரில் வடக்கு வியட்நாம் தலைநகர் ஹனோய் மீது பி-52 குண்டுவீச்சு விமானங்களை ஏவினார். அக்டோபரிலேயே வடக்கு வியட்நாமோடு தயாராக இருந்த சமாதான உடன்பாட்டிலிருந்து பெரிதாக எதுவும் மாறாமல்தான் 1973 ஜனவரியில் பாரிசில் கையெழுத்தானது. வடக்கு வியட்நாம் படைகள் தெற்கிலேயே இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அமெரிக்கா கிளம்பியது. நிக்சன் பதவியேற்றதிலிருந்து அந்தக் கையெழுத்து வரை செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் 20,000-க்கும் மேல். அந்த நான்கு ஆண்டுகளுக்கு அச்சம் என்ற ஒரு காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு நண்பர் விளக்கம் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.