ஆக்ஸ்போர்டு தெரு ஜவுளிக்கடைக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

1864இல் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் ஜான் லூயிஸ் என்பவர் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை திறந்தார். முதல் நாள் கல்லாவில் விழுந்தது 16 ஷில்லிங் 4 பென்ஸ். சோமர்செட் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, 14 வயதில் ஜவுளிக்கடையில் வேலை பழகியவர். விளம்பரம் செய்யமாட்டார். குறைந்த லாபம், நியாயமான விலை, கேட்ட நிறத்தில் பட்டும் நாடாவும் கிடைக்கவேண்டும். அவருடைய வியாபாரம் அவ்வளவுதான். விக்டோரியா மகாராணி காலம் முடிவதற்குள் அக்கம்பக்கத்துக் கடைகளையும் வளைத்துப் பெரிய வணிக மாளிகையாக்கிவிட்டார்.

இப்படிப்பட்டவர் ஏன் லிபரல் அரசியலுக்கு, அதாவது நிலப்பிரபுக்களின் சலுகைகளைக் கேள்வி கேட்ட கட்சியின் பக்கம் வந்தார்? காரணம் அவர் காலுக்குக் கீழேயே இருந்தது: அடிமனை. லண்டன் மேற்குப் பகுதியில் மண் முழுக்கச் சில பிரபுக் குடும்பங்களுக்குச் சொந்தம். கடைக்காரர் குத்தகைக்கு எடுத்து, சொந்தப் பணம் போட்டுக் கட்டடம் எழுப்புவார். கெடு முடிந்தால் மண்ணோடு கட்டடமும் பிரபுவுக்கே போய்விடும். நடுவில் ஒரு வீட்டைக் கடையாக மாற்றவேண்டுமென்றாலும் அவர் தயவு வேண்டும். உழைத்து முன்னுக்கு வந்த எத்தனையோ வியாபாரிகளை லிபரல் பக்கம் தள்ளியது இந்த வயிற்றெரிச்சல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லூயிஸின் நிலவுடைமையாளர் ஹோவர்டு டி வால்டன் பிரபு. கடையை ஒட்டிய ஹோல்ஸ் தெருக் கட்டடங்களை விரிவாக்குவது பற்றிய வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1901இல் லூயிஸ் லண்டன் நகர நிர்வாகத்தைக் கவனித்த லண்டன் கவுண்டி கவுன்சிலின் உறுப்பினரானார். 1903இல் நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக அதே உறுப்பினர் பிரிக்ஸ்டன் சிறையில் மூன்று வாரம் இருந்தார்! அப்போது வயது 67. அதற்கும் அசரவில்லை. கடை முகப்பிலேயே பிரபுவைத் தாக்கிப் பலகை வைத்தார். பிரபு அவதூறு வழக்குப் போட்டார். 1911இல் ஜூரிகள் கொடுத்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. சாதாரண மனிதர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது.

சரி, பிரபுவிடம் நியாயம் கேட்டவர் தன் கடை ஊழியர்களிடம் எப்படி நடந்துகொண்டார்? இங்கேதான் மனசு கனக்கிறது. சம்பளம் குறைவு, பிடிக்காவிட்டால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவரும் இரண்டு மகன்களும் எடுத்துக்கொண்ட தொகை, கடையின் அத்தனை ஊழியர்களுடைய மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். கணக்குப் புத்தகத்தில் இதைக் கண்டு அதிர்ந்தவர் மூத்த மகன் ஸ்பீடன். பிரபு மண்ணை வைத்துச் செய்ததைத் தந்தை லூயிஸ் ஊழியர்களின் உழைப்பை வைத்துச் செய்தார் என்றே நான் சொல்வேன்.

தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துவரவில்லை. 1914இல், லண்டன் ஸ்லோன் சதுக்கத்தில் தன் வசமிருந்த இன்னொரு கடையான பீட்டர் ஜோன்ஸைத் தந்தை மகன் கையில் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: தினமும் மாலை 5 மணிவரை ஆக்ஸ்போர்டு தெருவில் வேலை பார்க்கவேண்டும். அப்புறம்தான் அங்கே போகலாம். அப்படி மாலையில் போய்ப் போய்த்தான் ஸ்பீடன் அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தினார்.

1920இல் அங்கே ஊழியர்களுக்கு முதன்முறையாக லாபத்தில் பங்கு கிடைத்தது. அதே ஆண்டு ஆக்ஸ்போர்டு தெருவில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 84 வயதுப் பெரியவர் இறங்கிவரவே இல்லை. வெளியே போனவர்களுக்குத் திரும்ப வேலை கொடுக்கவில்லை. 1928இல், 92 வயதில் அவர் காலமானார். மறு ஆண்டே இரண்டு கடைகளின் லாபத்தையும் ஊழியர்களுக்கே பங்கிடும் அறக்கட்டளைப் பத்திரத்தில் ஸ்பீடன் கையெழுத்திட்டார்.

நன்றி, வணக்கம்.