மத்தியப் பிரதேசம் டூர்: ஒரே ட்ரிப்ல முடிக்க நினைக்காதீங்க

[திரையில மத்தியப் பிரதேச மேப், மேல அஞ்சாறு சிவப்புப் புள்ளி]

மத்தியப் பிரதேசம் பிளான் போடுறவங்க நிறைய பேர் முதல்ல பண்றது இதுதான், மேப்பைத் திறந்து கஜுராஹோ, சாஞ்சி, உஜ்ஜைன், கான்ஹா, குவாலியர்னு புள்ளி வச்சு, எல்லாத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, ஒரு வாரம் லீவு போட்டுருவாங்க. கோலம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கோட்டு மேல கார் ஓடணுமே. இந்த ஸ்டேட் 3,08,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, தமிழ்நாடு 1,30,000 தான், ரெண்டு தமிழ்நாட்டை உள்ள வச்சாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும். அதுவும் 2000ல சத்தீஸ்கர் தனியாப் பிரிஞ்சு போன பிறகு இருக்கற சைஸ் இது. போபால்ல இருந்து கஜுராஹோ மட்டுமே 370 கிலோமீட்டருக்கு மேல வரும்.

அதனால ஸ்டேட்டை ரெண்டாப் பிரிச்சுக்கோங்க, ஒரு ட்ரிப்புக்கு ஒரு பாதி. மேற்குல போபால், இந்தூர், உஜ்ஜைன், மாண்டு, நர்மதைக் கரை. கிழக்குல ஜபல்பூர், புலிக் காடுகள், கஜுராஹோ, அங்கிருந்து மேல ஓர்ச்சா, குவாலியர். எந்தப் பாதி முதல்லன்னு கேட்டா, நீங்க எந்த மாசம் போறீங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன்.

[மேகம் மூடின மாண்டு கோட்டை]

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்னா யோசிக்கவே வேணாம், மேற்குதான். ஜூலை 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் புலிக் காடுகளோட கோர் ஏரியாவை மூடிருவாங்க. கிழக்குல ஜபல்பூர் பக்கத்துல இருக்கற பேடாகாட்ல பளிங்குப் பாறை நடுவுல விடுற போட்டும் மழைக்காலத்துல நிறுத்திருவாங்க. அங்கேயே இருக்கற துவாந்தார் அருவி, நர்மதைல வெள்ளம் ஏறிட்டா தண்ணிக்குள்ளயே மூழ்கி அருவி இருந்த இடமே தெரியாது. ஆனா அதே மழைல மாண்டு வேற லெவல், பாறையும் புல்லும் பச்சைப் பசேல்னு ஆகி, ஜஹாஸ் மஹாலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற குளம் நிறைஞ்சு, கட்டடத்துக்கு ஏன் கப்பல்னு பேர் வச்சாங்கன்னு அப்பத்தான் கண்ணால பாக்க முடியும். கோடைல போனா அதே குளம் பாதி காஞ்சு கிடக்கும்.

ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கஜுராஹோல செருப்பைக் கழட்டிட்டுத்தான் கோயில் மேல ஏறணும், மத்தியானத்துல அந்தக் கல்லு மேல கால் வைக்கறது உங்க சாமர்த்தியம். ஆனா புலி பாக்க மட்டும்தான் போறீங்கன்னா அந்த வெயில்தான் சீசன், காட்டுல தண்ணி வத்தி, மிச்சம் இருக்கற குட்டைக்கு எல்லா மிருகமும் வந்தே ஆகணும். குடும்பத்தோட, வயசானவங்களோட போறவங்களுக்கு நவம்பர்ல இருந்து பிப்ரவரி சரியா இருக்கும், ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும்.

[மேற்குப் பாதி மேப்]

சரி, மேற்கு. சென்னைல இருந்து டெல்லி போற தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜிடி எக்ஸ்பிரஸ் ரெண்டும் போபால் வழியாத்தான் போகுது. ஸ்டேஷன் பேர்ல குழம்பாதீங்க, ஹபீப்கஞ்ச்னு பழைய ஆளுங்க சொல்றது இப்ப ராணி கமலாபதி, போபால் ஜங்ஷன் தனி.

போபாலை பேஸா வச்சு ரெண்டு நாள். சாஞ்சி வடகிழக்கே 46 கிலோமீட்டர், கற்காலப் பாறை ஓவியங்கள் இருக்கற பீம்பேட்கா தெற்கே 45 கிலோமீட்டர், ரெண்டும் எதிர் எதிர் திசை, அதனால ஒரே நாள்ல திணிக்காதீங்க. சாஞ்சி போற நாள் விதிஷா பக்கத்துல உதயகிரி குகையைச் சேருங்க, குப்தர் காலத்து வராகர் அங்க ஒரு முழுப் பாறைல பூமாதேவியைத் தூக்கிட்டு நிக்கறார், பஸ்ல வர்ற கூட்டம் இதை விட்டுட்டுப் போயிருது. பீம்பேட்கா நாள் வழில போஜ்பூர், போஜராஜா கட்டி முடிக்காம விட்ட சிவன் கோயில், பக்கத்துப் பாறைல அந்தக் காலத்து ஆளுங்க கீறி வச்ச கட்டட பிளான் இன்னும் இருக்கு. பீம்பேட்கால ஜூ ராக்னு ஒரு பாறை, ஒரு காலத்து ஆளு வரைஞ்ச மிருகத்து மேலயே அடுத்த காலத்து ஆளு வரைஞ்சிருக்கான், கொஞ்ச நேரம் நின்னு பாத்தாத்தான் எது எதுக்கு மேலன்னு கண்ணுக்குப் பிரியும். இந்தப் பாறை ஓவியங்கள் 1957ல தொல்லியல் அறிஞர் வாகண்கர் கண்டுபிடிச்சது. போபால்லயே பழங்குடி மியூசியம், திங்கட்கிழமை லீவு, இதை மட்டும் மிஸ் பண்ணாதீங்க.

அங்கிருந்து இந்தூருக்கு 190 கிலோமீட்டர் சொச்சம், நல்ல ரோடு. இந்தூர்ல தங்கி உஜ்ஜைன் (55 கிலோமீட்டர்), மாண்டு, மகேஷ்வர்னு போய் வரலாம். உஜ்ஜைன் மகாகாளேஸ்வரர் கோயில்ல விடியக்காலை நாலு மணிக்கு சிவலிங்கத்துக்குச் சாம்பல் பூசற பஸ்ம ஆரத்திதான் வேணும்னா அதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல பதிவு பண்ணணும், அங்க போய் பாத்துக்கலாம்னு போனா கிடைக்கறது சந்தேகம்தான். முதல்ல அந்தத் தேதி கிடைக்குதான்னு பாத்துட்டு, அதைச் சுத்தி மத்த நாளை அடுக்குங்க. இன்னொண்ணு, 2028ல சிம்மஸ்த கும்பமேளா வருது, அந்த வருஷம் ஏப்ரல், மே பக்கம் சும்மா சுத்திப் பாக்கப் போறவங்க வேற மாசம் பாத்துக்கோங்க.

மாண்டுல ரோட்டோரம் ஆப்பிரிக்காப் பக்கத்து பாவோபாப் மரம் நிக்கும், அடி பருத்துப் போய் தலைல மட்டும் நாலு கிளை. அதோட காயை மாண்டு இம்லின்னு விக்கறாங்க, ஓட்டை உடைச்சா உள்ள வெள்ளை மாவு, நாக்குல வச்சா புளிப்பு. மாண்டுல இருந்து மகேஷ்வர் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்தான், இந்தூருக்குத் திரும்பாம நேரா இறங்கிருங்க, ஒரு ராத்திரி அங்கயே. ராணி அகல்யாபாய் ஹோல்கர் இருந்து ஆண்ட ஊர், கோட்டைல இருந்து படி நேரா நர்மதைக்கு இறங்குது, ஊருக்குள்ள தறிச் சத்தம், சேலையும் தறி பக்கத்துலயே வாங்கலாம்.

இந்தூர் சாப்பாடு தனி வீடியோ போடற அளவுக்கு இருக்கு. காலைல போஹா, அவல்ல பண்றது, மேல சேவும் ஜீராவன் பொடியும் தூவி, பக்கத்துல சூடா ஜிலேபி. ராத்திரி சராஃபா, பகல்ல நகைக்கடைத் தெரு, கடைங்க ஷட்டரை இறக்கின பிறகு அதே வாசல்ல சாப்பாட்டுக் கடை. மக்காச்சோளத்தைத் துருவிப் பால்ல வேகவச்ச புட்டே கா கீஸ் முதல்ல சாப்பிடுங்க, குளிர்காலம்னா கராடுன்னு ஒரு கிழங்கு வறுவல். டின்னரை முடிச்சிட்டு அங்க போனா உங்களுக்குத்தான் நஷ்டம்.

[கிழக்குப் பாதி மேப், ஜிப்ஸி ஜீப் வரிசை]

கிழக்குப் பாதியோட தலையெழுத்தை எழுதறது சஃபாரி பர்மிட். ஹோட்டல், ரயில் எல்லாம் அப்புறம், முதல்ல வனத்துறையோட ஆன்லைன் தளத்துல பர்மிட் இருக்கான்னு பாருங்க, தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவுன்னா சீக்கிரமே தீந்துரும். பர்மிட் காசு வேற, ஜிப்ஸியும் கைடும் வேற, இதைச் சேக்காம பட்ஜெட் போட்டு கேட்ல நின்னு முழிக்கறவங்க நிறைய. புக் பண்ணப்ப கொடுத்த ஐடியோட ஒரிஜினல் கைல இருக்கணும். புதன்கிழமை மத்தியானம் சஃபாரி கிடையாது, அதனால ஊர் மாத்தற நாளை புதன்ல வச்சுக்கோங்க, ஒண்ணும் வீணாகாது.

முக்கியமானது கேட். கான்ஹான்னு போட்டு ரிசார்ட் தேடுனா கட்டியா கேட் பக்கமும் வரும், முக்கி கேட் பக்கமும் வரும், ரெண்டும் காட்டோட வேற வேற ஓரம், ரோட்டு வழியா சுத்திப் போக நேரம் பிடிக்கும். பர்மிட் கட்டியா பக்கம் இருக்கற கிஸ்லி ஜோனுக்கு, ரூம் முக்கில, ஜிப்ஸி விடியறதுக்கு முன்னாடி, இதை யோசிச்சுப் பாருங்க. பர்மிட்ல எந்த ஜோனோ அதோட கேட் பக்கம் ரூம், அவ்ளோதான். பாந்தவ்கர்ல தாலா, மகதி, கித்தௌலின்னு மூணு ஜோன், தாலா கிராமத்துல தங்கினா பெரிய சிக்கல் இருக்காது. ரெண்டு காட்டுல ஒண்ணுதான்னா, காட்டோட அழகுக்கும் பாரசிங்கா மானுக்கும் கான்ஹா, புலி பாத்தே ஆகணும்னா பாந்தவ்கர், என் ஓட்டு கான்ஹாவுக்குத்தான். சிவிங்கிப்புலிக்காகக் குனோ தேசியப் பூங்காவை இதே ட்ரிப்ல நுழைக்காதீங்க, வழி ஒத்து வராது.

சென்னை வழியா பீகார் தானாபூர் போற சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் ஜபல்பூர்ல நிக்கும், அங்க பேடாகாட் பாத்துட்டு கான்ஹா, பிறகு பாந்தவ்கர், பிறகு கஜுராஹோ. கோயில் முகப்பு கிழக்குப் பாத்து இருக்கு, காலை வெயில்லயே மேற்குத் தொகுதிக் கோயில்களை முடிச்சிருங்க, வெயில் சாய்வா விழறப்பதான் சிற்பத்துல விரல் நகம் வரைக்கும் தெரியும். சிற்பம்னாலே அந்த ஒரு விஷயத்தைத்தான் எல்லாரும் பேசறாங்க, உள்ள போனா அது கொஞ்சம்தான், காலுல முள்ளெடுக்கற பொண்ணு, லெட்டர் எழுதற பொண்ணுன்னு மத்ததுதான் ஏராளம்.

ஓர்ச்சால ராமர் தெய்வம் மட்டுமில்ல, ராஜாவும் அவர்தான், போலீஸ் மரியாதை அணிவகுப்பு இன்னைக்கும் நடக்குது. பக்கத்துல ஜான்சி ஸ்டேஷன், ஆனா புக்கிங் ஆப்ல வீராங்கனா லக்ஷ்மிபாய்னு ஆரம்பிச்சுத்தான் பேர் வரும், ஜான்சி உத்தரப் பிரதேசத்துல இருக்கு, டாக்ஸி பேசறப்ப வேற ஸ்டேட் பர்மிட் சேத்துத்தானான்னு கேட்டுக்கோங்க. குவாலியர் கோட்டை ஏறுற வழில சின்னதா சதுர்புஜ் கோயில், 876ஆம் வருஷத்துக் கல்வெட்டு, அதுல 270ன்னு ஒரு எண், கடைசில குட்டியா ஒரு வட்டம், நாம இன்னைக்கு எழுதற அதே பூஜ்யம்.

குவாலியர்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜிடியும் நிக்குது, அதனால ஜபல்பூர்ல இறங்கி குவாலியர்ல ஏறி வந்துரலாம், போன வழிலயே திரும்ப வர வேணாம். ரயில் புக்கிங் இப்ப 60 நாள் முன்னாடிதான் திறக்குது, சஃபாரி பர்மிட் அதுக்கு முன்னாடியே கைல இருக்கும், பர்மிட் எடுத்த அன்னைக்கே, ரயில் தேதிக்கு 60 நாள் முன்னாடி வர்ற அந்த நாளுக்கு போன்ல அலாரம் வச்சிருங்க.