சாரம் கட்டும் கை

நேயர்களுக்கு வணக்கம். 22 வருஷமாக அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான், பிள்ளைக்கு எப்போது, எவ்வளவு உதவ வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

போன மாசம் ஒரு நாள், பந்து பீரோவுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. நாலு வயசுப் பையன் குப்புறப் படுத்துக் கையை விட்டான், எட்டவில்லை. காலை விட்டுப் பார்த்தான், அதுவும் எட்டவில்லை. எங்கள் ஆயா விளக்குமாற்றோடு ஓடி வந்தார். நல்ல மனுஷி, பிள்ளை முகம் வாடினால் தாங்கமாட்டார். "அக்கா, செத்த பொறுங்க" என்று நிறுத்தி வைத்தேன். பையன் ஸ்கேலை எடுத்து வந்து குத்தினான். பந்து இன்னும் உள்ளே போனது. உதடு பிதுங்கிவிட்டது. அப்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பந்து இப்ப எந்தப் பக்கமா இருக்கு, பாரு?" குனிந்து பார்த்தான். எழுந்து பீரோவின் பக்கவாட்டுக்குப் போய், அங்கிருந்து ஸ்கேலால் தள்ளினான். பந்து வெளியே வந்தது. ஆயா பத்து நொடியில் எடுத்துக் கொடுத்திருப்பார். ஆனால் பந்து மட்டும்தானே கிடைத்திருக்கும்?

கட்டட வேலையில் சாரம் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். சுவர் எழும்பியதும் பிரித்து எடுத்துவிடுவார்கள். பிள்ளைக்குச் செய்யும் உதவிக்கும் இதே பெயரைத்தான் வைத்தார்கள் டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், 1976-இல். 3, 4, 5 வயதுப் பிள்ளைகள் 30 பேருக்கு 21 மரக்கட்டைகளைக் கொடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பிரமிடு கட்டச் சொன்னார்கள். உதவிக்கு ஒருவர் பக்கத்தில் இருந்தார். மூணு வயசுப் பிள்ளையைக் கட்டைகள் பக்கம் இழுத்து வைப்பதே அவருக்குப் பெரும்பாடு. நாலு வயசுக்காரர்களிடம், எங்கே தப்பாகிறது என்று வாயால் சொன்னாலே போதுமாக இருந்தது. அஞ்சு வயசுக்காரர்கள், "சரிதானே?" என்று பார்க்க மட்டுமே அவரைத் தேடினார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: மூணு வயசுப் பிள்ளைகளுக்குக் கட்ட வரவில்லை, ஆனால் சரியாகப் பொருத்தியது எது என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. நாம் "இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்கிறோமே, அந்த வயசில்.

அதற்காக எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். பசியிலும் தூக்கத்திலும் இருக்கிற பிள்ளையிடம் "யோசி" என்று சொல்வது கொடுமை. முதலில் சோறு, மற்றது அப்புறம்.

விலை கொடுத்துப் பொம்மை வாங்கினால்தான் மூளை வளரும் என்று சிலர் நினைக்கிறார்கள். பரணில் கிடக்கிற பல்லாங்குழியை இறக்குங்கள். 14 குழி. அஞ்சு வயசு தாண்டிய பிள்ளைக்குச் சரியாக இருக்கும். சின்னதுகள் சோழியை வாயில் போட்டுவிடும், கவனம். பாட்டிமார்களுக்கு ஒரு விண்ணப்பம்: "அந்தக் குழியில எடு" என்று விரலை நீட்டாதீர்கள். "இதுல எடுத்தா எங்க போய் முடியும்?" என்று கேளுங்கள். முதலில் பிள்ளை முழிக்கும். சில ஆட்டம் போனபின், கை வைப்பதற்கு முன்னாலேயே கண்ணால் குழிகளை எண்ணத் தொடங்கும். அந்த எண்ணும் கண்ணைப் பார்ப்பதற்காகவே நான் பலமுறை தோற்றிருக்கிறேன். சில முறை நிஜமாகவே தோற்றேன், அது வேறு கதை.

பந்துக்காரப் பையனுக்கு வருகிறேன். போன வாரம் பந்து சன்ஷேடு மேலே விழுந்தது. நான் எழுந்ததும், "டீச்சர், நீங்க வராதீங்க!" என்று கத்தினான். கல் எறிந்தார்கள், துண்டை வீசினார்கள், ஒட்டடைக் கம்பை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். ஏணி வேண்டுமாம்.

அதற்கு மட்டும் எழுந்து போனேன். நன்றி, வணக்கம்.